குடல், பெத்தாய், மரவள்ளிக் குருத்து: ஏழு ஞாயிறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் ஆட்டிறைச்சி வெட்டும் அபாங்கிடம் (மலாய் அண்ணன்) முதல் தடவை குடல் கேட்டபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுவத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். பொய்.

எங்கள் வீட்டில் குடல் சமைத்துப் பல வருடம் ஆகிறது. தோட்டத்தில் இருந்தவரை முனியாண்டி பூசைக்குக் கிடாய் வெட்டினால் குடல், தலை, ரத்தம் எல்லாம் பங்கு போட்டு வீட்டுக்கு வரும். அம்மாவும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்களும் ஆற்றோரம் உட்கார்ந்து கழுவுவார்கள். டவுனுக்குக் குடிவந்ததும் அதோடு சரி. ரத்தப் பொரியலை மறந்துவிட வேண்டியதுதான். பசாருக்கு வருவது ஹலால் இறைச்சி, ரத்தத்தை யாரும் பிடித்து வைப்பதில்லை. மற்றதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது, கேட்பதற்குத்தான் நம் ஆட்கள் குறைவு. ஞாயிறுக்கு ஞாயிறு ஏதாவது ஒன்றைச் சமைத்துப் பார்ப்பது, இடையிடையே இதுவரை எங்கள் அடுப்படிக்குள் வராத ஒரு காய் அல்லது கீரை என்று ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு சொதப்பல். குடலும் இரைப்பையும் சேர்த்து 1.3 கிலோ. இரைப்பையின் உள்பக்கம் குளிக்கிற துண்டு மாதிரி பூப்பூவாக இருக்கும், அதன்மேல் கறுப்பாக ஒரு தோல். சுடுதண்ணீர் ஊற்றினால் உரிந்துவிடும் என்று கேட்டிருந்ததால், தளதளவென்று கொதித்ததை அப்படியே கவிழ்த்தேன். தோல் உரியவில்லை, வெந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் கத்தியால் சுரண்டியும் பாதிதான் போனது. பொறுமை போய்க் குக்கரில் ஏற்றி, சோம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுப் பெரட்டினேன். வாசல்வரை மசாலா மணம். வாயில் வைத்தால் ஆட்டுக் கொட்டகை. அம்மா ஒரு துண்டை நிதானமாக மென்றுவிட்டு, "கழுவ வேண்டியத மசாலா போட்டு மூடி வச்சிருக்க" என்றார்.

பக்கத்து வீட்டு மாக்சிக்தான் (மலாய் அத்தை) வழி காட்டினார். அவர் மாட்டுக் குடலைக் கழுவும் ஆள், எனக்கு ஆடு. ஆனால் வேலை ஒன்றுதான். தண்ணீர் கொதிக்கவே கூடாதாம். பானையின் அடியில் பொடிக் குமிழி கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 68 டிகிரி. அதில் இரைப்பையை முக்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் தாண்டியதும் கறுப்புத் தோல் ஈரக் காகிதம்போல் சுருண்டு வந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று. அந்த ஒரு நொடிக்காக முதல் வாரத்து ஒன்றரை மணி நேரத்தையும் மன்னித்துவிட்டேன். அதன்பின் வெற்றிலைச் சுண்ணாம்பு பூசிப் பத்து நிமிடம், கழுவல். குடலைக் குழாய் முனையில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அப்புறம் கல்லுப்பும் புளியும் போட்டுப் பிசைந்து மறுபடி கழுவல். கடைசியில் நிறுத்தால் 850 கிராம்தான் மிச்சம்.

அதோடு மாக்சிக் விடவில்லை. மசாலாவுக்கு முன்னால் நசுக்கிய செராய் (எலுமிச்சைப்புல்) இரண்டு, முடிச்சுப் போட்ட மஞ்சள் இலை ஒன்று சேர்த்து ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். நாம் மஞ்சளின் கிழங்கோடு நின்றுவிடுகிறோம். இலையை மலாய்க்காரர்கள் விடுவதில்லை. வழக்கமான பெரட்டல்தான் செய்தேன், மசாலா மட்டும் பாதி. வாடை அறவே போய்விடவில்லை, போகவும் கூடாது. ஆட்டுக்குடல் ஆட்டுக்குடலாகத்தான் இருக்க வேண்டும். சென்னைப் பக்கம் இதையே போட்டி என்பார்கள்.

மூன்றாவது வாரம் ஈரலும், நீளக் காய்க்குள் இருக்கும் வாடை பிடித்த பச்சைக் கொட்டையான பெத்தாயும். பெத்தாய் நம் வீட்டில் நுழைந்ததே இல்லை, "ஒண்ணுக்குப் போனா தெரு முழுக்கத் தெரியும்" என்பது அம்மாவின் காரணம். அது உண்மையும்கூட, அதிலுள்ள கந்தகம் மறுநாள்வரை விடாது. ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். ஒரு காய்க்கு மூன்று கொட்டையில் புழு. ஈரலை மிளகு, சின்ன வெங்காயத்தோடு ஐந்து நிமிடம் பிரட்டி, உப்பைக் கடைசியில் போட்டு, இறக்கும் முன் பெத்தாயைத் தூவினேன். மாவாய்க் கரைகிற ஈரலுக்கு நடுவே நறுக்கென்று கடிபடுவது நன்றாக இருந்தது. பெலாச்சான் சம்பாலோடு (இறால் விழுதும் மிளகாயும் அரைத்தது) செய்தால் இன்னும் எடுபடும், ஆனால் அன்றைக்கு அம்மாவும் சாப்பிட வேண்டியிருந்தது.

அந்தத் துணிச்சலில் ஜெரிங் வாங்கினேன். பெத்தாய்க்கு அண்ணன், மணத்திலும் ஆபத்திலும். அதிலுள்ள ஜெங்கோலிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் ஊசி ஊசியாகப் படிந்து அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மூன்று தண்ணீர் மாற்றி வேக வைத்து இரண்டே இரண்டு தின்றேன். போதும்.

மரவள்ளிக் குருத்துக்கு வீட்டிலேயே எதிர்ப்பு. ஆடு மேய்ந்து செத்த இலையை மனிதன் தின்பானா என்று அம்மா. கேள்வி நியாயமானது: பச்சையாகத் தின்றால் சயனைடு. இளங்குருத்தை மட்டும் கிள்ளி, உரலில் இடித்து, மூடி போடாமல் இருபது நிமிடம் வேக வைத்து, தண்ணீரைக் கொட்டிப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் நெத்திலியும் சேர்த்தேன். முருங்கைக்கீரைக்கும் வாழைப்பூவுக்கும் இடையில் ஒரு ருசி. சப்பான்காரன் காலத்தில், 1942இலிருந்து 45 வரை, கிழங்கையே தின்று தின்று வெறுத்துப்போன பாட்டி அதற்கப்புறம் மரவள்ளியைத் தொட்டதில்லையாம். அம்மாவின் முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

ஆறாவது வாரம் குடலில் புங்கா கந்தான் (இஞ்சி இனத்துச் செடி) பூவை நறுக்கிப் போட்டேன். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் எனக்கு உயிரான பூ. ஆட்டுக்குடலோடு சோப்புத் தண்ணீர். முழுச் சட்டியும் கோழிக்குப் போனது; கோழிகளும் யோசித்தன.

போன ஞாயிறு நுரையீரல். மூச்சுக்குழாயை வெட்டாமல் பானை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே கிண்ணம் வைத்துத்தான் வேக வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற நுரையெல்லாம் அந்தக் குழாய் வழியாக வடியும். நான் கிண்ணம் வைக்க மறந்து, அடுப்பு அணைந்து, தரையெல்லாம் சாம்பல் நிற நுரை. அமெரிக்காவில் 1971இலிருந்து இதை மனிதர் உணவாக விற்கவே தடை. துடைக்கும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ஆறவிட்டு, மெல்லிசாகச் சீவி, மஞ்சள், உப்பு, கொத்தமல்லித்தூள் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

அடுத்தது சுவரொட்டி (மண்ணீரல்). இன்று காலை அபாங்கிடம் சொல்லி வைத்தேன். வரும் ஞாயிறு ஒன்று எடுத்து வைக்க முடியுமா என்றதற்கு, கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அது வழக்கமாக என் வீட்டுக்குப் போவது. மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.