மஞ்சள் அட்டையும் தோல் வாஷரும்

கேரளத்தில் என் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர் 56 வயதில் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வழித் தொடக்கப் பள்ளிகளிலேயே முப்பத்தொரு ஆண்டுகளைக் கழித்தவள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவதைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாது. ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே, வெளிநாட்டுப் பள்ளி எதிலாவது போய்க் கொஞ்ச நாள் தன்னார்வலராக இருந்து வரப்போகிறேன் என்றேன். "சம்பளம் எவ்வளவு அம்மா?" என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். "டிக்கெட்?" அதுவும் என் செலவுதான் என்றேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

முதலில் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பெயரைப் பதிந்து வைத்தேன். 1970இல் தொடங்கிய திட்டம். தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரில் இருக்கிறது. கைச்செலவுக்குப் படியும் தருகிறார்கள். ஆனால் என் கண்ணில் பட்ட இடங்களெல்லாம் பொறியாளருக்கும் திட்ட மேலாளருக்கும்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்த கிழவி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது ஓர் அநாதைக் காப்பகத்தின் அழைப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டணம், நான்கு வாரத்துக்குச் சலுகைக் கட்டணம் என்று மூணாறு லாட்ஜ் போல விலைப்பட்டியல் அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போலீஸ் சான்றிதழ் தேவையா என்றதற்கு, அதெல்லாம் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்றார்கள். யார், எவர் என்று பார்க்காமல் ஆளைப் பிள்ளைகளிடையே விடுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை? உலகெங்கும் இப்படிப்பட்ட காப்பகங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் பல காலமாகச் சொல்லி வருகிறது. காசு கொடுத்துப் போகிறவர்கள் இருக்கும்வரை காப்பகம் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கதவைச் சாத்தினேன்.

கடைசியில் வழி காட்டியது எங்கள் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரி. உகாண்டாவில் இருபது ஆண்டுகளாக இருப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். "டீச்சர், நீங்கள் வந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நாலு மாதத்தில் நீங்கள் திரும்பிவிடுவீர்கள். எங்கள் ஆசிரியைகளோடு உட்காருங்கள், அது போதும்" என்றார். கொஞ்சம் மனம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

பிறகு காகிதப் படலம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எனக்கு இனிஷியல் முன்னால் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. ஓய்வூதியப் புத்தகத்தில் கணவர் பெயர். மூவரும் ஒருத்திதான் என்று வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. "டீச்சரே, இதில் எந்த ஆள் போகிறார்?" என்றார் அங்கிருந்த எழுத்தர். நன்னடத்தைச் சான்றிதழுக்குக் காவல் நிலையத்துக்குப் போனால், வெளிநாட்டுக்கு என்றால் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 500 ரூபாய் கட்டணம், இணையத்தில் விண்ணப்பம், மறுபடியும் அதே காவல் நிலையத்திலிருந்து விசாரணை. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக் கூடாது, அனுமதியை நாங்கள் எடுக்கிறோம் என்று கன்னியர் முன்பே சொல்லியிருந்ததால் அந்தத் தலைவலி மட்டும் எனக்கு இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தனிக் கதை. அந்த ஊசி போட்ட அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது இந்தியாவிலும் கேட்பார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொள்ளக் கூடியது அல்ல. அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். பாலக்காட்டிலிருந்து ரயிலேறி, கொச்சி வெல்லிங்டன் தீவில் இருக்கும் துறைமுகச் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை வெறுங்கையோடு திரும்பினேன், முன்பதிவு செய்யாமல் போனது என் தப்பு. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் ஆள் சேர்த்துத்தான் குப்பியை உடைக்கிறார்கள். இரண்டாம் தடவை வரிசையில் எனக்கு முன்னால் கப்பலில் வேலைக்குப் போகிற பையன்கள், பின்னால் நைஜீரியாவுக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி. முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும் என்பதால், டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு ஊசிக்கு ஓடாதீர்கள். அந்த நர்ஸ் அப்படி வாங்கிவிட்டுத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். 2016இலிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள்.

ஷார்ஜா வழியாக எண்டெபேயில் இறங்கி, அங்கிருந்து மசாக்கா பக்கத்துக் கிராமம். இரண்டாம் வகுப்பில் 94 பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் "முயிண்டி! முயிண்டி!" என்று கூவினார்கள். இந்தியாக்காரி என்று அர்த்தம்.

உகாண்டாவில் 2007இலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் அந்தந்த வட்டார மொழியில் படிப்பு, நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்பது திட்டம். எங்கள் பள்ளியில் லுகாண்டா. எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் வகுப்பாசிரியை கரும்பலகையில் ப, பெ, பி, பொ, பு என்று ஐந்து உயிருக்கும் வரிசையாக எழுதியபோது, நம் உயிர்மெய் அட்டவணை உறவுக்காரியைப் போல எதிரே வந்து நின்றது. இன்னொன்றும் கண்டேன். அந்த மொழியில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். 'ஒகுசிபா' என்றால் கட்டுவது, 'ஒகுசீபா' என்றால் பொழுதைக் கழிப்பது. பிள்ளைகள் இடறி விழுந்தது அங்கேதான். பல், பால் என்று தடுமாறும் நம் பிள்ளைகளைப் பார்த்தே தலை நரைத்தவள் நான். நெடிலுக்குக் கையை விரித்து நீட்டுவது, குறிலுக்கு விரலைச் சொடுக்குவது என்ற என் பழைய வித்தையை ஆசிரியைக்குக் காட்டினேன். அவர் அதைப் பாட்டாக்கிவிட்டார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் சிவப்பு மையில் நெடில் எழுதி, அறுபது அட்டைகள் செய்தோம். நான் செய்த படிப்பு வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

பக்கத்தில் வேறொரு பள்ளியில், தாய்மொழி பேசியதற்குத் தண்டனையாக ஒரு பையன் கழுத்தில் கயிற்றில் மரத்துண்டு தொங்கியதையும் பார்த்தேன். ஊரில் எங்கள் தமிழ்ப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மலையாளத்தில் தட்டுத் தடுமாறியபோது யாரும் கழுத்தில் எதையும் மாட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பும் எனக்கு மறக்கவில்லை.

தண்ணீருக்கு ஓர் அடிகுழாய். தூரத்திலிருந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அதே மூன்று கால், அதே நீண்ட கைப்பிடி, உள்ளே அதே சங்கிலி. மழை மறைவுப் பகுதியான எங்கள் ஊரில் நான் அடித்து அடித்துக் கை காய்த்த குழாய். அங்கே யு2 என்கிறார்கள்; நம்முடைய இந்தியா மார்க் 2தான். அதைத் திருத்திய அடுத்த வடிவத்துக்கான சோதனைகள் 1980களில் எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், கோவை வட்டாரத்தில்தான் நடந்தன.

நான் போன மூன்றாம் வாரம் குழாய் காற்றை இறைத்தது. தோல் வாஷர் தேய்ந்திருந்தது. இந்த வடிவத்தில் அந்தச் சின்ன வாஷரை மாற்றக் குழாய் முழுவதையும் கழற்றி மேலே இழுக்க வேண்டும். பதினோரு நாள் பிள்ளைகள் இருபது லிட்டர் மஞ்சள் கேனோடு சதுப்பு நிலத்துக்கு நடந்தார்கள். பணம் நான் தருகிறேன் என்றேன். "இன்று நீங்கள் தருவீர்கள் டீச்சர், அடுத்த தடவை?" என்று கன்னியர் தடுத்துவிட்டார். பெற்றோர் குழு வசூலித்து, மெக்கானிக் வந்து, தண்ணீர் வந்தது. அவர் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பதினோரு நாளில் ஏழாவது நாளாவது கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திரும்பியபோது கொச்சியில் சுகாதாரக் கவுண்டரில் மஞ்சள் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு விட்டார்கள். 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. வெளியே மகன் காரோடு நின்றான். "இளைத்துவிட்டாயே அம்மா" என்றான். வீட்டு எடைப்பொறியில் இரண்டு கிலோ கூடியிருந்தேன். தினமும் மத்தியானம் சோளமாவுக் களியும் பீன்ஸும்.