பிளவுஸ் மிச்சத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

தையல்காரி வீட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரத்தை ஐப்பசி மழை முடிவதற்குள் தைத்து வைத்துவிட வேண்டும். நவம்பர் பாதியைத் தாண்டினால் கன்னியாகுமரி ஜில்லா தக்கலைப் பக்கம் எந்தத் தையல்காரிக்கும் தலை நிமிர நேரம் கிடையாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு உடுத்தவென்று ஒரு கூட்டம் வரும். அது ஓய்ந்ததும் 24-ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு உடுத்த அதைவிடப் பெரிய கூட்டம் வரும். ஊரெல்லாம் ஒன்றாம் தேதியே வாசலில் நட்சத்திரம் தொங்கவிட்டிருக்க, என் வீட்டு வராந்தாவில் மட்டும் கொக்கி சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த வேலையை மழைக்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். மழை கொட்டுகிற மத்தியானங்களில் துணி கொடுக்க யாரும் வரமாட்டார்கள், மெஷின் சும்மாதான் கிடக்கும்.

துணி எல்லாம் பிளவுஸ் தைத்த மிச்சம்தான். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துத்தான் நட்சத்திரம், மேசை விரிப்பு எல்லாம். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மிச்சத் துணியை அமுக்கிக்கொள்கிறாள் என்ற பேச்சு எந்தத் தையல்காரியையும் விட்டதில்லை. உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு என்றால் பிளவுசோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதற்குக் கீழே உள்ளதுதான் எனக்கு. அப்படியும் போன வருடம் ஒரு பெரியம்மா வராந்தாவில் நின்று நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏ மக்ளே, இது எனக்க மவளுக்க நிச்சயதார்த்த பிளவுசுத் துணில்லா?" என்று கேட்டார். ஆமாம், கை வெட்டியதில் விழுந்த துண்டு என்று காட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனார்.

எல்லா மிச்சமும் இதற்கு ஆகாது. டூ பை டூ, பாப்ளின், லைனிங் காட்டன் மூன்றும் சொன்ன பேச்சு கேட்கும். ரா சில்க் என்றால் பின்னால் கேன்வாஸ் ஒட்டாமல் வெட்டவே கூடாது, நூல் பிரிந்து ஓரம் இல்லாமலே போய்விடும். சிவப்பு டூ பை டூவை வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆக வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துண்டால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன், வெள்ளையில் சிவப்பு ஏறினால் அந்தத் துணி குடில் பக்கமே வராது. தரைநிறத்துக்கு, அதாவது நட்சத்திரத்தின் பின்னணிக்கு, மாமியின் பழைய வெள்ளை முண்டு. பாலராமபுரம் நெசவு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. அதன் கசவு என்கிற ஜரிகைக் கரையைத் தனியாகக் கிழித்து வைத்துக்கொள்வேன்.

இனி நட்சத்திரம். எட்டு முனை, தைத்து முடித்த பின் அளவு 12 இஞ்ச் சதுரம். முண்டில் 3½ இஞ்ச் சதுரம் நாலு, 3½-க்கு 6½ செவ்வகம் நாலு. சிவப்பிலோ பச்சையிலோ 3½ சதுரம் எட்டு, அவைதான் முனைகள். நடுவுக்கு 6½ இஞ்ச் சதுரம் ஒன்று வேண்டும். அவ்வளவு பெரிய மிச்சம் என்னிடம் ஏது? நாலு 3½ இஞ்ச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் சரியாக 6½ வந்துவிடும், கால் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடுகிறதல்லவா.

முனை செய்வதுதான் வேடிக்கை. செவ்வகத்தின் ஒரு ஓரத்தில் வண்ணச் சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தையல். வெளியே நிற்கும் மூலையைக் கால் இஞ்ச் விட்டு வெட்டி, துணியைத் திருப்பி இஸ்திரி போட்டால் முக்கோணம் ஆகிவிடும். மறு ஓரத்திலும் அப்படியே. இரண்டு முக்கோணமும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அவை சந்திக்கும் இடத்திலிருந்து துணி விளிம்புக்குக் கால் இஞ்ச் வண்ணத் துணி மிச்சம் தெரிய வேண்டும். அது தெரியாமல் முனை விளிம்பைத் தொட்டு நின்றால், நடுச் சதுரத்தோடு சேர்க்கும்போது தையலுக்குள் போய் நட்சத்திரம் மொட்டையாகிவிடும்.

நம்மூர்த் தையல்காரிகளுக்கு இந்தக் கால் இஞ்சுதான் பெரிய சோதனை. நமக்குக் கை பழகியதெல்லாம் தாராளமாகத் தும்பு விட. உடம்பு வைத்தால் பிரித்து விடலாமே என்று ஒரு இஞ்ச் உள்ளே மடித்துத் தைத்துத்தான் பழக்கம். இந்த வேலையில் ஒவ்வொரு தையலிலும் அரை நூல் பிசகினால்கூடக் கடைசியில் சதுரம் சதுரமாக நிற்காது. பாதத்தின் ஓரத்தைக் குறி வைத்துத் தைப்பதையும் நம்பக்கூடாது, மெஷினுக்கு மெஷின் பாதத்தின் அகலம் மாறும். ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் இஞ்ச் அளந்து, தகட்டின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். இஸ்திரி போடும்போது தையலை அடர் நிறத்துப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். முண்டுப் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கும் சிவப்பு வெள்ளைக்குள் நிழலாடும்.

இந்த நட்சத்திரம் மூன்றை வரிசையாகச் சேர்த்து, சுற்றி 2 இஞ்ச் கரை வைத்தால் 40-க்கு 16 இஞ்சில் மேசை விரிப்பு. உள்ளே வைக்கப் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் மெத்தைக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நான் வாங்குவதில்லை. இரண்டு மழையும் பார்க்கிற ஜில்லா இது. பஞ்சு வைத்த கனத் துணியை டிசம்பரில் துவைத்தால் காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும். பழைய துவர்த்து, அதாவது குளித்துத் துடைக்கிற துண்டு, ஒன்றை உள்ளே வைப்பேன். மெலிசாக இருக்கும், அரைநாள் வெயிலில் காய்ந்துவிடும். புசுபுசுவென்று வராதுதான், மேசையில் விரிக்கிற துணிக்குப் புசுபுசுப்பு எதற்கு?

அடிப்பக்கம் ஊதா. திருவருகைக்காலத்தின் நாலு ஞாயிறும் கோயிலில் ஊதாதானே, மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ். அதனால் ஊதாத் துணியில் ரோஸ் பட்டை ஒன்று வைத்துத் தைத்தேன். 24-ஆம் தேதி சாயங்காலம் வரை விரிப்பு ஊதாப் பக்கமாகக் கிடக்கும். பூசைக்குக் கிளம்பும்போது புரட்டிப் போட்டுவிட்டுப் போவேன். ஒரே விரிப்பில் இரண்டு காலமும் முடிந்தது.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே பார்க்க ஊக்கு குத்திக்கொண்டு போக வேண்டும். தைப்பதும் நடுவிலிருந்துதான். மெஷினின் தலையில் பாதத்தை அழுத்தும் திருகு ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தி, தையலைப் பெரிதாக்கி, 16-ஆம் நம்பர் ஊசி போட்டால் மேல்துணி சுருங்காமல் ஓடும். மிதி மெஷின்தான் என்னுடையது. மெதுவாக மிதிக்க முடிவதால் இதற்கு மோட்டாரைவிட அதுவே மேல் என்பது என் கட்சி.

ஓரத்துக்கு மாமி கொடுத்த லேஸ். முளகுமூடு கான்வென்ட்டில் சின்ன வயதில் கற்றவர் அவர். பெல்ஜியத்திலிருந்து 1897-ல் வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்டர் கன்னியர் சபை தொடங்கிய இடம் அது. திண்டு மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். நம் ஜில்லாவுக்கு இந்தக் கைவேலை அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள், லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. மாமிக்கு இந்தக் கதை தெரியாது. அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "லேசுல மெஷினு ஊசியக் கொண்டு போவாதே, கையால தச்சா போதும்." கையால்தான் தைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டார். மாமி குறை சொல்லாவிட்டால் பாஸ் என்று அர்த்தம்.

முதல் தடவை தைப்பவர்கள் விரிப்பில் கை வைக்க வேண்டாம். குடிலில் வைக்கும் குழந்தை இயேசு சுரூபத்துக்கு ஒரு கம்பளி தையுங்கள். ஒன்றரை இஞ்ச் சதுரம் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, தைத்து முடித்தால் ஆறு இஞ்ச் வரும். எந்தக் குப்பைத் துண்டும் அதில் சேரும். எங்கள் குடிலில் வைக்கோல் மேல் அதை விரித்துத்தான் சுரூபத்தை வைப்போம். குடிலைச் சுற்றி நெல் முளைக்கப்போட்டுத் தண்ணீர் தெளிப்பது சின்னவன் பொறுப்பு. அவன் கம்பளியையும் சேர்த்து நனைத்துவிடுவான், அதனால் இரண்டு தைத்து வைத்திருக்கிறேன்.

தொங்கவிடும் துணி நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு போடவே கூடாது, சூடு ஏறித் துணி கருகும். சீரியல் லைட்டை வெளியே சுற்றினால் போதும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, முண்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

இதெல்லாம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு ஆள் வருகிறார்கள். தைத்துத் தருவேன். துணி நீங்கள் கொண்டுவர வேண்டும், செப்டம்பருக்குள் வர வேண்டும். டிசம்பரில் வந்தால் பிளவுஸ் மட்டும்தான், அதுவும் பத்தாம் தேதிக்கு முன்னால் அளவு கொடுத்தவர்களுக்கு.