வேலி போட்டவர் வீட்டில்

பாஸ்டன் போகிறவர்கள் ஹார்வர்டைப் பார்ப்பார்கள், தேயிலையைக் கடலில் கொட்டிய இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்பிவிடுவார்கள். நியூ ஜெர்சியிலிருந்து மூன்று முறை போயும் நாங்கள் செய்தது அவ்வளவுதான். இந்த முறை எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஜான் ஆடம்ஸைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர். "யாருப்பா அவர்? ரூபாய் நோட்டில்கூட இல்லையே" என்றாள். டாலரைத்தான் சொல்கிறாள், எங்கள் வீட்டில் எல்லாமே ரூபாய். சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ரெட் லைன் ரயிலில் ஏறி அவர் ஊரான குவின்சியில் இறங்கினோம்.

தகவல் மையத்திலிருந்து ட்ராலியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் காபிக்கு நின்றதில் முதல் வண்டியைத் தவறவிட்டு, அடுத்ததில்தான் போய்ச் சேர்ந்தோம். முதலில் இரண்டு மர வீடுகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் 1735-இல் ஜான் ஆடம்ஸ் பிறந்தார். அடுத்ததில் 1767-இல் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் பிறந்தார், அவர் ஆறாவது அதிபர். இரண்டு அதிபர்கள் பிறந்த வீடுகளுக்கு நடுவே ஒரு கல்யாணப் பந்தல் போட்டால் இடம் சரியாக இருக்கும், அவ்வளவுதான் தூரம். குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஜான் ஆடம்ஸின் அப்பா விவசாயி, செருப்பும் தைத்தவர்.

இரண்டாவது வீட்டில் கீழே ஒரு சின்ன அறை. அதுதான் வக்கீல் ஆபீஸ். என்னை அதிகம் நிறுத்திவைத்தது இந்த அறைதான். 1770-இல் பாஸ்டன் தெருவில் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் செத்தபோது, ஊரே கொதித்துக் கிடந்த நேரத்தில், அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட ஒப்புக்கொண்டவர் இவர். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலையானார்கள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி அவரைக் கரித்துக் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1779-இல் இதே அறையில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கான அரசியல் சாசனத்தை எழுதினார். 1780-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதே சாசனம்தான், திருத்தங்களோடு. அமெரிக்க அரசியல் சாசனத்துக்கே ஏழு வயது மூத்தது. அதன் முதல் பகுதியின் முப்பதாவது பிரிவு, சட்டம் இயற்றுகிறவர், நிர்வாகம் செய்கிறவர், நீதி வழங்குகிறவர் ஆகிய மூவரும் ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்கிறது. எதற்காக? நடப்பது சட்டத்தின் ஆட்சியாக இருக்க வேண்டும், மனிதர்களின் ஆட்சியாக இருக்கக் கூடாது என்பதற்காக. ஆடம்ஸுக்கு மனிதர்கள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ராஜா, பணக்காரர், பாமரர் யாராக இருந்தாலும் அதிகாரம் கைக்கு வந்தால் ஆடத்தான் செய்வார்கள், எனவே எல்லாரையும் சுற்றி வேலி வேண்டும். இதுதான் அவர் கணக்கு. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வாசகங்களைப் போலக் காதுக்கு இனிமையாக இல்லாததால்தான் இவர் முகம் தனியாக எந்த நோட்டிலும் இல்லையோ என்னவோ.

அந்தச் சாசனத்தில் எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று ஒரு வரி உண்டு. குவாக் வாக்கர் என்ற கறுப்பின அடிமை தன் விடுதலைக்காகப் போராடிய வழக்கில், அந்த வரியை வைத்தே 1783-இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், இங்கே அடிமை முறைக்கு இடமில்லை என்றார். ஆடம்ஸ் வாழ்நாளில் ஒரு அடிமையைக்கூட வைத்துக்கொண்டதில்லை. முதல் ஐந்து அதிபர்களில் அப்படிப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் சறுக்கல். 1776 மார்ச்சில் மனைவி அபிகெய்ல் இந்த ஊரிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதுகிறார்: புதுச் சட்டம் எழுதும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள், கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது என்று பதில் போட்டிருக்கிறார் மனிதர். வழிகாட்டி இதைச் சொன்னதும் என் மனைவி திரும்பி, "பாத்தீங்களா, அப்பவே இப்படித்தான்" என்றாள். நான் கூரையின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து ட்ராலி போனது பீஸ்ஃபீல்டு என்கிற பெரிய வீட்டுக்கு. போகிற வழியில் மகள் அவளுடைய குறிப்பு நோட்டைப் புரட்டி, "அப்பா, இவர் பத்திரிகைக்காரங்களை ஜெயில்ல போட்டாராமே?" என்றாள்.

போட்டார்தான். 1798-இல் பிரான்ஸோடு போர் வரும்போல இருந்த நேரம். அரசையோ அதிபரையோ அவதூறாக எழுதினால், பேசினால் சிறை என்று செடிஷன் சட்டம் வந்தது. அவர் கேட்டு வந்ததில்லை, கட்சிக்காரர்கள் நிறைவேற்றியது. ஆனால் கையெழுத்து அவருடையது. மனிதர்களை நம்பாதே என்று வேலி போட்டவர், வேலியே பயிரை மேய்ந்த கதையாகத் தன் கண்முன் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்மான்ட்டைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயனுக்கு நான்கு மாதம் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். அவர் சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார்.

எனக்குப் பிடித்தது எங்கள் ஊர்க் கதை. அதே 1798-இல் ஆடம்ஸ் நியூ ஜெர்சியின் நியூவார்க் வழியாகப் போகிறார். பீரங்கி முழக்கி மரியாதை செய்கிறார்கள். குடித்திருந்த லூதர் பால்ட்வின் என்பவர், அந்த பீரங்கியை அதிபரின் பின்பக்கத்தில் விட்டு வெடித்தாலும் எனக்குக் கவலையில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அவர்மேல் வழக்கு, அபராதம். இதைக் கேட்டு மகள் சிரித்த சிரிப்பில் ட்ராலியில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் அதே ஆள்தான், கட்சியில் பலர் போர் போர் என்று குதித்தபோது கேட்காமல் பிரான்ஸுக்குத் தூதர்களை அனுப்பி 1800-இல் சமாதானம் செய்துகொண்டார். கட்சி உடைந்தது. தேர்தலில் ஜெஃபர்சனிடம் தோற்றார். 1801 மார்ச் 4 அன்று, புதிய அதிபரின் பதவியேற்பைப் பார்க்காமல் விடியற்காலையிலேயே வண்டியேறி ஊருக்குக் கிளம்பிவிட்டார். முறுக்கிக்கொண்டு போனாலும், நாற்காலியைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளவில்லை. செடிஷன் சட்டமும் அதற்கு முந்தைய நாளோடு காலாவதியானது.

பீஸ்ஃபீல்டில் நான்கு தலைமுறை ஆடம்ஸ்கள் இருந்திருக்கிறார்கள். தோட்டத்தில் தனியாகக் கருங்கல்லில் ஒரு நூலகம், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் புத்தகங்கள். தீப்பிடிக்கக் கூடாது என்றே கல்லில் கட்டியது. அமிஸ்டாட் என்ற அடிமைக் கப்பலில் கலகம் செய்த ஆப்பிரிக்கர்களுக்காக 1841-இல் மகன் ஆடம்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். விடுதலையானவர்கள் நன்றியாகக் கொடுத்த பைபிள் இந்தக் குடும்பத்திடம்தான் வந்து சேர்ந்தது. வீட்டு மாடியில் பெரியவர் ஜான் ஆடம்ஸின் படிப்பறை. 1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளன்று, 90 வயதில் இந்த வீட்டில் போய்ச் சேர்ந்தார். அதே நாளில் சில மணி நேரம் முன்பு வர்ஜீனியாவில் ஜெஃபர்சனும்.

கடைசியாகக் கருங்கல் தேவாலயத்தின் நிலவறை. இரண்டு அதிபர்களும் அவரவர் மனைவிமாரும் நான்கு கல் பெட்டிகளில். 1800-இல் பிரான்ஸோடு சமாதானத்துக்குப் பொறுப்பேற்றவன் இங்கே கிடக்கிறான் என்று மட்டும் தன் கல்லறையில் எழுதினால் போதும் என்று ஆடம்ஸ் ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார். கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. மகள் கையை வைத்துப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கு" என்றாள்.

இரவு காரில் திரும்பும்போது நியூவார்க் விமான நிலைய விளக்குகள் தெரிந்ததும், பின் சீட்டிலிருந்து "டுமீல்" என்று ஒரு சத்தம். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம்.