பனை நிற்கும் நிலம்: சும்பா நாட்குறிப்பு

செப்டம்பர் 3, 2024

பாலியின் டென்பசாரில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் சும்பா தீவின் வைங்காப்பு. இந்தோனேசியா என்றால் எங்கும் பச்சை என்று நினைப்பவர்கள் செப்டம்பரில் கிழக்கு சும்பாவைப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறத்தில் குன்றுக்குப் பின்னால் குன்று, பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் மரம். இனி டிசம்பரில்தான் மழை.

அங்கிருந்து ஓட்டோ. இங்கே லாரிக்கு அதுதான் பெயர். பின்பக்கத்தில் குறுக்கே பலகை போட்டு ஆட்களை ஏற்றுகிறார்கள். என் காலடியில் கால் கட்டிய இரண்டு பன்றிகள், முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டை, மடியில் யாருடைய குழந்தையோ. மெலோலோ வரை தார்ச்சாலை. அதைத் தாண்டி மண்பாதையில் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் துணியால் மூக்கை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றியபோது சிவப்பாக ஓடியது.

செப்டம்பர் 4

காலையில் பெரியவர்கள் வந்தார்கள். முதலில் ஓலைப்பெட்டியில் பாக்கு. நாம் வெற்றிலையை மடித்துப் போடுவோம். இங்கே அந்தக் கொடியின் காய்தான். விரல் நீளத்தில், பச்சையாக, முறுக்கிய திரி மாதிரி இருக்கும். பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, காயின் நுனியைச் சுண்ணாம்புத் தூளில் தொட்டுக் கடிக்க வேண்டும். இதை வாங்கிக்கொள்ளாமல் வந்த காரியத்தைப் பேச முடியாது. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது. கூட்டத்தில் என்னை ‘ரம்பு’ என்றுதான் அழைக்கிறார்கள், என் கணவரை ‘உம்பு’ என்று. இரண்டும் மரியாதைப் பெயர்கள். முதல் தடவை அப்படி அழைக்கப்பட்ட நாளில் நான் அழுதிருக்கிறேன்.

வந்த காரியம், நாங்கள் வீடு கட்ட நிலம். அவருடைய பங்காளி ஒருவர் கடலுக்குப் போகும் வழியில் இருக்கும் துண்டை விற்கிறார். அவர் வீட்டில் அவருடைய அப்பாவின் உடல், அடுக்கடுக்கான நெசவுத் துணிகளில் சுற்றி, உட்கார்ந்த நிலையில் ஒன்றரை வருடமாக இருக்கிறது. கல்லறைக் கல், எருமைகள், வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பிறகுதான் அடக்கம். அதற்காகத்தான் விற்கிறார். விலை பேச எனக்கு மனமே வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்ளலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 7

இன்று வைங்காப்புக்குப் போய் காகிதங்களைச் சரிபார்த்தோம். என்னைப் போல வெளிநாட்டவரை மணந்தவர்களின் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

1960-இன் நிலச்சட்டப்படி ‘ஹக் மிலிக்’, அதாவது முழு உரிமை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். இங்கேயே குடியிருக்கும் வெளிநாட்டவருக்குக் கிடைப்பது ‘ஹக் பகாய்’ என்கிற பயன்பாட்டு உரிமை. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் கல்யாணத்தில் வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. அதில் பாதி என்னுடையது ஆகிவிடுவதால், என் கணவரே தன் சொந்த மண்ணில் முழு உரிமையோடு ஒரு துண்டு நிலம் வாங்க முடியாது! பரம்பரையாக வரும் நிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது அவருடையதாகவே இருக்கும். ஆனால் இது விலைக்கு வாங்குவது.

வழி, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம். முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்போ கல்யாணத்தின் போதோதான் எழுத முடியும். ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண், தனக்கு அடுக்குமாடி வீடு மறுக்கப்பட்டதால் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: கல்யாணம் முடிந்த பிறகும் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் இந்த ஜூனில் நோட்டரி முன்னால் எழுதி, குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிந்தோம். முதல் பிரதியில் என் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது.

ராத்திரி இவரிடம் கேட்டேன், “நீங்கள் எனக்கு முன்னால் போய்விட்டால்?” நிலம் வாரிசாக எனக்கு வந்தாலும் ஓராண்டுக்குள் நான் கைமாற்றிவிட வேண்டும். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. அவர் வெகுநேரம் பேசாமல் படுத்திருந்தார். அப்புறம், “அம்மா உன்னை அனுப்ப மாட்டாள்” என்றார்.

செப்டம்பர் 10

அத்தை இரண்டாவது தடவை நூலைச் சிவப்பில் முக்கினார். நுணா வேரை இடித்த சாறு. கையெல்லாம் முழங்கை வரை செங்கல் நிறம். அவருடைய ஒரு துணி முடிய இன்னும் பல மாதம் ஆகும்.

செப்டம்பர் 12

பாலியிலிருந்து ஒரு தரகர் வந்திருந்தார். கடலோரமாக இன்னும் பெரிய நிலம் இருக்கிறதாம். உள்ளூர்க்காரர் பெயரில் பத்திரம், என் கையில் ஒரு ரகசிய ஒப்பந்தம், “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.” அப்படிச் சுற்றுவழியில் வெளிநாட்டவருக்கு நிலத்தைத் தருவது செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும் என்று அதே 1960 சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். 2018 ஏப்ரலில் மேற்கு சும்பாவின் மரோசி கடற்கரையில் நிலம் அளக்க வந்ததை எதிர்த்த ஒரு விவசாயி சுடப்பட்டு இறந்தார். இந்தத் தீவில் கடலோரம் என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. என் பெயரில் ஒரு பிடி மண் வராது என்கிற சட்டத்தை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 15

நிலத்தை முதல் தடவையாக முழுக்க நடந்து பார்த்தேன். பதினோரு பனைமரங்கள். லொந்தார் என்பார்கள், நம் பனையேதான். அதன் அடியில் நின்று ஓலைச் சத்தத்தைக் கேட்டபோது எங்கள் ராமநாதபுரத்துக் காடு கண்முன் வந்தது.

மேலேயிருந்து ஒருவர் இறங்கினார். சாவு என்ற பெயருள்ள பக்கத்துத் தீவைச் சேர்ந்தவர். இந்தக் கரையில் சாவுக்காரர்கள் நிறைய. பாளை சீவி, சாற்றைப் பனையோலைப் பட்டையில் இறக்கி, மண் அடுப்பில் பாகாகக் காய்ச்சுகிறார். நம் பதநீர், நம் பாகு. அவருடைய அப்பா காலத்திலிருந்தே இந்தப் பதினொன்றும் அவர்கள் ஏறும் மரங்கள். விற்கிற பங்காளியின் பேச்சில் அவர் வரவே இல்லை. பத்திரத்திலும் வரமாட்டார். “நிலம் கைமாறினால் மரம்?” என்று கேட்டார். என் பக்கம் பார்க்காமல், கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

செப்டம்பர் 16

நேற்று தூக்கமில்லை. காலையில் இவரிடம் சொன்னேன், அந்த மனிதரைச் சேர்க்காமல் வாங்கினால் எனக்கு இந்த வீடு வேண்டாம். இவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். மறுபடி பாக்குப்பெட்டி, மறுபடி பெரியவர்கள். பேச்சு மத்தியானம் வரை போனது. ஒரு பெரியவர், “மரம் ஏறுகிறவனுடையது, மண் உட்காருகிறவனுடையது” என்று முடித்துவைத்தார். பனை ஏறுகிறவர் உயிரோடு இருக்கும்வரை ஏறலாம் என்று தனியாக எழுதி, ஊர்த்தலைவர் கையெழுத்தும் வாங்கினோம்.

செப்டம்பர் 24

அளக்க வந்தார்கள். வடகிழக்கு மூலையில் முளைக்கல் சரியாக ஒரு பனையின் தூரில் விழுந்தது. அளப்பவர் வேரை வெட்டலாமா என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் பங்காளியே வேண்டாம் என்றார். கல்லை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டார்கள். அந்த ஒரு முழம் எங்களுக்குக் குறைவுதான்.

சாயங்காலம் சாவுக்காரர் ஒரு பாட்டிலில் பாகு கொண்டுவந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. வீடு எங்கே வரும் என்று கேட்டார், கையை நீட்டிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடுக்களை வாசல் எந்தப் பக்கம், ரம்பு? விடியலில் இறங்கும்போதே வைத்துவிட்டுப் போவேன்” என்றார்.

பனைப் பக்கம் என்றேன்.