குந்தத் தெரியாதவன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் போகும் ஜிம்மில், நான் பார்பெல் ஸ்குவாட், அதாவது தட்டு மாட்டிய கம்பியைத் தோளில் தாங்கிக் குந்தி எழும் பயிற்சி, போடுவதைக் கோச் தம்பி பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்துக் காட்டினான். தொடை தரைக்கு இணையாக இறங்குகிறது, முதுகு நிமிர்ந்து நிற்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீடியோவில் இருந்தவரோ, கடன் கொடுத்தவரைக் கல்யாண மண்டபத்தில் பார்த்துவிட்டு அரைக் கும்பிடு போடுகிறவர் மாதிரி இருந்தார். குதிகால் இரண்டும் அந்தரத்தில். முட்டிகள் ஒன்றோடொன்று ரகசியம் பேசப் போயிருந்தன.

"வெயிட்ட எறக்கிடலாம் சார்" என்றான். தட்டுகள் போயின. அப்புறம் 20 கிலோ பாரும் போனது. கடைசியில் கையில் ஒரு பிளாஸ்டிக் பைப். பக்கத்து ரேக்கில் கல்லூரிப் பையன் ஒருவன் 100 கிலோவோடு இறங்கி ஏறுகிறான். நான் தண்ணி லைன் பார்க்க வந்த ஆள் மாதிரி நிற்கிறேன்.

முட்டியில் கோளாறில்லை, கணுக்கால்தான் மடங்கவில்லையாம். அது மடங்காவிட்டால் குதிகால் எழும்பும், எடை விரல் பக்கம் சாயும், விழாமல் இருக்க முதுகு குனியும். கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலேயே இறங்கி ஏற வேண்டும். எங்கே? வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த 15 வருஷத்தில் நான் குந்தியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் மீன் வாங்கப் போனேன். வழக்கமாக வாங்கும் அக்கா அருவாமனை முன்னால் குந்தி சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். குதிகால் தரையோடு தரையாக, முட்டி இரண்டும் விரல் போகும் திசையில். என்ன ஒரு ஃபார்ம்! மெய்மறந்து பார்த்திருக்கிறேன்.

"என்னா தம்பி, மீனப் பாக்காம காலப் பாக்குற?"

சுற்றி நாலைந்து பேர். பதறிப்போய் ஜிம், கணுக்கால், பைப் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குந்துறதுக்கா மாசாமாசம் காசு கட்டுற? எங்க, குந்து பாப்போம்."

குந்தினேன். குதிகாலைத் தரையில் அழுத்தியதும் உடம்பு பின்னால் போனது. பிடிக்க ஒன்றும் இல்லை. மீன் கழுவிய தண்ணீரில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் போக முடியாது என்று நடந்தே வந்தேன். தெருமுனையிலிருந்து பூனை ஒன்று வீடுவரை கூடவே வந்தது.

மறுநாள் கோச் என் குதிகால்களுக்கு அடியில் இரண்டரை கிலோ தட்டு ஒவ்வொன்று வைத்தான். வெயிட்லிஃப்டிங் ஷூவுக்குக் குதிகால் உயரமாக இருப்பதும் இதற்குத்தானாம். வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கிக்கொண்டு இறங்கினேன். முதுகு நின்றது, முட்டி விலகியே இருந்தது. தினமும் சுவரோரம் நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட்டுப் பழகவும் சொல்லியிருக்கிறான்.

இப்போதெல்லாம் அந்த அக்கா எனக்கு மட்டும் மீனை உடனே நிறுப்பதில்லை.

"மொதல்ல குந்திக் காட்டு."