‘டுடே இஸ் மை ஹேப்பி பர்த்டே’

புதுச்சட்டை, கையில் மிட்டாய் டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் பிறந்தநாள் பிள்ளை எழுந்து நின்று சொல்லும் வாக்கியம் பெரும்பாலும் தலைப்பில் இருப்பதுதான். ‘ஹேப்பி பர்த்டே’ என்ற வாழ்த்தை அப்படியே அந்த நாளின் பெயராக அது எடுத்துக்கொண்டிருக்கிறது. இலக்கண விளக்கமெல்லாம் வேண்டாம். “இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்னு தமிழ்ல சொல்வியா?” என்று கேட்டால் போதும். சிரித்துக்கொண்டே தானே திருத்திக்கொள்ளும்: டுடே இஸ் மை பர்த்டே.

தேதி, பிறந்தநாள் பாடத்தில் வரும் தடுமாற்றங்களில் பாதி இப்படித் தமிழை வைத்தே சரிசெய்யக்கூடியவை. மீதிப் பாதி நாக்குப் பழக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் ஒரே வகுப்பில் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

பல பாடங்கள் மாதப் பெயர்களில் ஆரம்பிக்கின்றன. அதில் ஒரு முழு வகுப்பைச் செலவழிப்பது வீண். ஜனவரி முதல் டிசம்பர் வரை தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். உச்சரிப்பை மட்டும் கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் ஆயிற்று. ஜனவரியை ‘ஜேன்யுவரி’ ஆக்க வேண்டும். பிப்ரவரியின் முதல் ஒலி உதட்டை ஒட்டி வரும் ‘பி’ அல்ல, பல் உதட்டைத் தொட்டு வரும் ‘ஃபெ’. ஜூலையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், இல்லாவிட்டால் போனில் பேசும்போது ஜூனா ஜூலையா என்று எதிராளி திரும்பக் கேட்பார். பத்து நிமிட வேலை.

கஷ்டமெல்லாம் எண்ணில்தான். ‘ஃபைவ்’ எப்படி ‘ஃபிஃப்த்’ ஆகிறது என்பதில்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு நல்ல பிடி கொடுக்கிறது. நாம் ‘அஞ்சாந்தேதி’, ‘பத்தாந்தேதி’ என்றுதான் சொல்கிறோம். அந்த ‘ஆம்’ செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் கடைசி ‘த்’ செய்கிறது என்று ஒரு தரம் காட்டிவிட்டால், ‘ஃபைவ் ஜூன்’ என்று ஏன் சொல்லக் கூடாது என்பது பிள்ளைக்கே புரியும். ஆனால் தமிழின் ‘ஆம்’ சொன்ன பேச்சைக் கேட்கும், ஆங்கிலம் கேட்காது. 1, 2, 3 மூன்றுக்கும் தனித்தனி உருவம்: ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். 5, 12 இரண்டிலும் ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஆகிவிடுகிறது: ஃபிஃப்த், ட்வெல்ஃப்த். எட்டின் எழுத்துக்கூட்டலில் ஏற்கெனவே ஒரு டி இருப்பதால் கூடவே எச் மட்டும் சேர்க்கிறோம், இன்னொரு டி கிடையாது. ஒன்பதில் கடைசி ஈ கழன்றுவிடும். 20, 30 இரண்டிலும் ஒய் போய் ஐ-ஈ வந்து, அதன் பிறகு டி-எச்.

ஆக 31 எண்களில் தொல்லை தருபவை 1, 2, 3, 5, 8, 9, 12, 20, 30, அப்புறம் இவற்றின் வால் ஒட்டிய 21, 22, 23, 25, 28, 29, 31. மற்றதெல்லாம் எண்ணோடு ‘த்’ சேர்த்தால் முடிந்தது. 31-ஐயும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதைவிட இந்த 16-ஐ மட்டும் தனியே எடுத்துக் குலுக்கிப் போட்டுக் கேட்பது மேல். வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு 22 என்று தனியாகக் காட்டினால், ஒன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் பதில் சொல்லத் தெரியும்.

இனி நாக்கு. தமிழ்ச் சொற்கள் மெய்யெழுத்துக் கூட்டத்தோடு முடிவதில்லை. அதனால் ‘டென்த்து’, ‘சிக்ஸ்த்து’ என்று கடைசியில் ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘சிக்ஸ்த்’ வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ‘சிக்ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு மாதிரி இழுக்கச் சொல்லி, இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு நுனியைப் பல்லுக்கு முன்னால் கொண்டுவரச் சொல்ல வேண்டும். காற்று நிற்கக் கூடாது. ‘ட்வெல்ஃப்த்’துக்கும் இதே உத்திதான், ‘ஃப்’பில் இழுக்க வேண்டும். வெள்ளைக்காரர்போல ஊதும் ஒலி வரவில்லையே என்று மல்லுக்கட்ட வேண்டாம். நம் ‘த்’ போதும், யாருக்கும் புரியும். ‘ட்’ ஆகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ‘ஃபோர்த்’ நாலாவது, ‘ஃபோர்ட்’ கோட்டை.

13-ம் 30-ம் இன்னொரு பொறி. ‘டீன்’, ‘டி’ குழப்பம் 14-40, 15-50 என்று எண்களில் நிறைய உண்டு. தேதி 31-ஐத் தாண்டாது என்பதால் இங்கே சிக்கல் தரும் ஜோடி இது ஒன்றுதான். ஆகவே இதை மட்டும் கைதட்டிப் பழக்கினால் போதும். ‘தர்-டீன்த்’ இரண்டு தட்டு, இரண்டாவது நீளம். ‘தர்-டி-எத்’ மூன்று தட்டு, எல்லாம் குட்டை. ஆசிரியர் திரும்பி நின்று தட்டட்டும். பிள்ளைகள் எந்தத் தேதி என்று சொல்லட்டும்.

எழுதும்போது எண்ணின் தலையில் போடும் அந்த இரண்டெழுத்து வால் பற்றி: 11-க்கு எஸ்-டி, 12-க்கு என்-டி, 22-க்கு டி-எச் என்று போடுவது நிற்கவே நிற்காது. பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த வாரம் மறந்துவிடும். விதி ஒரே வரிதான்: வாயால் சொல்லும் சொல்லின் கடைசி இரண்டு எழுத்து எதுவோ அதுவே வால். ‘ட்வெல்ஃப்த்’ டி-எச்சில் முடிகிறது, ஆகவே 12-க்கு டி-எச். ‘ட்வென்டி செகண்ட்’ என்-டியில் முடிகிறது, ஆகவே 22-க்கு என்-டி. இதனால்தான் எழுத்துக்கு முன் வாய் பழக வேண்டும் என்கிறேன்.

பயிற்சி அட்டை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். 31 நாள் உள்ள ஒரு மாதத்தின் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்தால் அருமையான அட்டைக்கட்டு தயார். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற அளவு பெரிய எண், கிழமை, மேலே மாதம், வருடம், எல்லாம் ஒரே தாளில். ராகு காலமும் நல்ல நேரமும் இலவசம். தாளைக் கலைத்துப் போட்டு ஒன்றை உருவினால் முதல் வாரம் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்: ‘தி ட்வென்டி ஃபர்ஸ்ட்’. இரண்டாம் வாரம் மாதத்தோடு: ‘தி ட்வென்டி ஃபர்ஸ்ட் ஆஃப் ஆகஸ்ட்’. மூன்றாம் வாரம் கிழமையும். ‘ஆகஸ்ட் தி ட்வென்டி ஃபர்ஸ்ட்’ என்பதும் சரி, அமெரிக்கர்கள் அந்த ‘தி’யையும் விட்டுவிடுவார்கள் என்பதும் உண்மை. தொடக்கத்தில் மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் மூன்றும் கலந்து ஒரு நாலாவது வகை பிறக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். எழுதும்போது ‘தி’யும் ‘ஆஃப்’பும் வராது, வாசிக்கும்போது வரும் என்பதை மட்டும் பலகையில் எழுதிக் காட்டிவிட வேண்டும்.

அடுத்து ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’. இதற்கு ஒரு தமிழ்ச் சோதனை இருக்கிறது. அந்தச் சொல்லோடு ‘அன்னைக்கு’ சேருமா? சேர்ந்தால் ‘ஆன்’. அஞ்சாந்தேதி அன்னைக்கு, திங்கட்கிழமை அன்னைக்கு, பொங்கல் அன்னைக்கு, என் பிறந்தநாள் அன்னைக்கு: எல்லாம் ‘ஆன்’. ‘ஜூன் அன்னைக்கு’ என்று சொல்ல முடியாது, ‘ஜூன்ல’ என்போம், அங்கே ‘இன்’. 2014-ல், கோடைக்காலத்துல, காலையில: ‘இன்’. மணிக்கு என்று ‘கு’ வந்தால் ‘அட்’. திங்கட்கிழமை காலையில் என்று இரண்டும் சேர்ந்தால் கிழமைதான் ஜெயிக்கும்: ‘ஆன் மண்டே மார்னிங்’. சோதனை தோற்கும் இடங்களும் உண்டு. ராத்திரியில் என்பதற்கு ‘அட் நைட்’. ‘அடுத்த மாசத்துல’, ‘போன வருஷத்துல’ என்பவற்றுக்கு எதுவுமே வேண்டாம், ‘நெக்ஸ்ட் மன்த்’, ‘லாஸ்ட் இயர்’ என்று வெறுமனே நிற்கும்.

இன்னொன்று. ‘மை பர்த்டே இஸ் தி ஃபிஃப்த் ஆஃப் ஜூன்’ என்று ‘ஆன்’ இல்லாமல் சொன்னால் சிவப்பு மையை எடுக்க வேண்டாம். அது சரியான ஆங்கிலம். ‘ஐ வாஸ் பார்ன்’ என்று ஆரம்பித்தால்தான் ‘ஆன்’ கட்டாயம்.

அந்த ‘வாஸ்’ஸும் சும்மா வராது. தமிழில் ‘நான் பிறந்தேன்’ என்பது ஓடினேன், விழுந்தேன் மாதிரி ஒரு வினை. ஆகவே ‘ஐ பார்ன்’ என்று வருவது இயல்பே. இந்தக் கட்டத்தில் செயப்பாட்டு வினை என்று விளக்க ஆரம்பித்தால் வகுப்பு தூங்கிவிடும். ‘ஐ-வாஸ்-பார்ன்’ மூன்றும் ஒரே சொல் என்பதுபோலச் சொல்லிப் பழக்குவதே நல்லது. வயதிலும் இப்படித்தான். ‘எனக்குப் பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்குது’ என்பது ‘லெவன் ரன்னிங்’ என்று வெளியே வரும். ‘ஐ ஆம் டென். ஐ வில் பி லெவன் ஆன் தி ஃபிஃப்த் ஆஃப் ஜூன்’ என்ற இரண்டு வாக்கியம் கைவசம் இருந்தால் போதும், வயதும் தேதியும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

கேள்விகளில் கவனிக்க வேண்டியது ‘டே’ என்ற சொல். நமக்கு நாள் வேறு, கிழமை வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ‘டே’. அதனால் ‘வாட் டே இஸ் இட் டுடே?’ என்று கேட்டால் பிள்ளை தேதியைச் சொல்லும். ‘வாட் டே’ என்றால் கிழமை, ‘வாட் டேட்’ என்றால் தேதி என்று காலண்டர் தாளில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். பிறந்தநாளுக்கும் பிறந்த தேதிக்கும் உள்ள வேறுபாட்டையும் இதோடு சொல்லலாம். ‘வென் இஸ் யுவர் பர்த்டே?’ என்றால் பதிலில் வருடம் வராது. அது ஆண்டுதோறும் வருகிற நாள். ‘வாட் இஸ் யுவர் டேட் ஆஃப் பர்த்?’ என்று வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டால் வருடம் இல்லாமல் பதில் முடியாது.

வருடம் சொல்வது எளிது, தமிழ்ப் பழக்கத்தை விட்டால். நாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து என்று நீட்டி முழக்குவோம். ஆங்கிலத்தில் நடுவில் வெட்டி இரண்டு துண்டாகப் படிக்கிறார்கள். 1998 ‘நைன்டீன் நைன்டி எய்ட்’, 2014 ‘ட்வென்டி ஃபோர்ட்டீன்’. 2000 முதல் 2009 வரை மட்டும் ‘டூ தவுசண்ட்’ என்று தொடங்கும். இப்போது பள்ளியில் தொடக்க வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் 2010-க்குப் பின் பிறந்தவர்கள், ஆகவே அவர்களுக்கு வெட்டும் விதி ஒன்றே போதும். படிவத்தில் எழுதும்போது நாளுக்கு இரண்டு கட்டம், மாதத்துக்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒற்றை எண் என்றால் முன்னால் 0 போட வேண்டும் என்பதைச் சொல்லித்தராவிட்டால் 5 முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்து 50 போலத் தெரியும். 05/06/2014 இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஜூன் 5. அமெரிக்காவில் அதுவே மே 6. சந்தேகம் வரும் இடத்தில் மாதத்தை எழுத்தால் எழுதிவிடுவது நல்லது.

வகுப்பில் பேச வைக்க, பிறந்தநாள் வரிசை நல்ல விளையாட்டு. ஒருவரையொருவர் கேட்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரிசையாக நிற்க வேண்டும். 40 பேரை ஒரேயடியாக விட்டால் சந்தைக்கடைதான், தமிழில்தான் பேசுவார்கள். 20 பேராக இரண்டு வரிசை. முதல் சுற்றில் மாதத்தை மட்டும் கேட்டுக் கூட்டம் சேரட்டும், இரண்டாம் சுற்றில் அந்தக் கூட்டத்துக்குள் தேதியைக் கேட்டு வரிசையாகட்டும். கடைசியில் முனையிலிருந்து ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லும்போது தப்பான இடத்தில் நிற்பவர் தானே மாட்டிக்கொள்வார்.

பெரியவர்கள் வகுப்பில் இது சங்கடம் தரலாம். சான்றிதழில் ஒரு தேதி, வீட்டில் சொல்வது வேறு தேதி என்பவர்கள் நிறைய. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதைத் தொட்டதும் பள்ளியில் சேர்த்த காலத்தில், சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதி எழுதப்பட்டது. சிலருக்கு நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. பிறந்தநாள் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. யாரையும் தன் தேதியைச் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் தலைவர்கள், அறிஞர்களின் பிறந்த தேதி எழுதிய அட்டையைக் கொடுத்துவிடலாம். கடினமான எண்களாகப் பார்த்துப் பொறுக்கினால் பயிற்சியும் ஆயிற்று. ‘ட்வெல்ஃப்த்’துக்கு விவேகானந்தர், 1863 ஜனவரி 12. ‘ட்வென்டி செகண்ட்’டுக்கு ராமானுஜன், 1887 டிசம்பர் 22. ‘ட்வென்டி தேர்ட்’டுக்கு சுபாஷ் சந்திர போஸ், 1897 ஜனவரி 23. ‘தர்ட்டி ஃபர்ஸ்ட்’டுக்கு வல்லபபாய் படேல், 1875 அக்டோபர் 31. வருடத்தில் ‘ஓ’ போட்டுப் படிக்கக் காமராஜர், 1903 ஜூலை 15: ‘நைன்டீன் ஓ த்ரீ’. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் அட்டையில் தேதி இல்லாமலும் மற்றவர் அட்டையில் தேதியோடும் கொடுத்தால், கேட்டால்தான் நிரப்ப முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை: எதிரே உட்கார வைக்காதீர்கள், எட்டிப் பார்த்துவிடுவார்கள். முதுகோடு முதுகு.

கடைசியாக வாழ்த்து. பிறந்தநாள் பிள்ளைக்கு ‘ஹேப்பி பர்த்டே’ சொன்னால் பொங்கல், தீபாவளிப் பழக்கத்தில் ‘சேம் டு யூ’ என்று பதில் வரும். எல்லோருக்கும் பொதுவான நாளுக்குத்தான் அது பொருந்தும். பிறந்தநாளுக்கு ‘தேங்க் யூ’ மட்டும். வகுப்பில் ஒரே தேதியில் பிறந்த இருவர் இருந்தால் அவர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.