எபேசியர் ஐந்தில் 31-ம் வசனமும் இருக்கிறது

நம்ம சபைகளில் கல்யாணப் பிரசங்கம் என்றால் பெரும்பாலும் எபேசியர் 5-தான், பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். சி.எஸ்.ஐ. ஆகட்டும், பெந்தெகொஸ்தே ஆகட்டும், "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று 22-ம் வசனத்தை வாசித்ததும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு சிரிப்பு ஓடும், யாராவது ஒரு மாமா பெண்ணைப் பார்த்துத் தலையாட்டுவார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல புருஷன் மனைவியிடம் அன்புகூர வேண்டும் என்கிற 25-ம் வசனமும் வரும், வராமல் இல்லை, ஆனால் அது "தம்பி, பொண்ண நல்லா வச்சிக்கோங்க" என்ற அளவில் முடிந்துவிடும். தன்னையே கொடுப்பது என்றால் வீட்டுக்குள் என்ன அர்த்தம், ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் யார் எழுந்திருக்க வேண்டும் என்று ஒருவரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இதைப் பற்றிப் பெரிய சண்டை நடப்பது அமெரிக்காவில். 1987-ல் ஜான் பைப்பர், வெய்ன் குரூடம் போன்ற இறையியலாளர்கள் சேர்ந்து டான்வர்ஸ் அறிக்கை என்று ஒன்றைத் தயாரித்தார்கள். தேவனுக்கு முன் ஆணும் பெண்ணும் சமம், ஆனால் வீட்டிலும் சபையிலும் தலைமை ஆணுக்கே என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு, கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்கிற கலாத்தியர் 3:28-ஐ எடுத்துக்கொண்டு வந்தது, கூடவே எபேசியர் 5:21-ஐயும் காட்டியது. "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுத்தானே பவுல் மனைவிகளிடம் வருகிறார் என்பது அவர்கள் வாதம். 1998-ல் அமெரிக்காவின் பெரிய சபைப் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் சபையினர், மனைவி கணவனின் தலைமைக்கு மனமுவந்து கீழ்ப்படிய வேண்டும் என்று தங்கள் விசுவாச அறிக்கையிலேயே சேர்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்தச் சபைக்காரராக இருந்த முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2000-ல் விலகியதற்குப் பெண்களைப் பற்றிய இந்த நிலைப்பாடும் ஒரு காரணம். அதே சபை 1845-ல் பிரிந்து உருவானதே, அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற தகராறில்தான் என்பதையும், அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995-ல்தான் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் இதே நிருபத்தில், அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. அன்றைக்கு அதையும் வசனம் காட்டித்தான் பிரசங்கம் பண்ணினார்கள்.

இப்போது அந்த வாதங்கள் யூடியூப் வழியாக நம்ம வாலிபர் கூட்டங்களுக்கும் வந்துவிட்டன. கல்யாணமே ஆகாத தம்பிகள்கூட 'ஹெட்ஷிப்', அதாவது ஆணின் தலைமை, பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள். சரி, பேசட்டும். ஆனால் அந்த அமெரிக்கச் சண்டை, ஒரு வீட்டில் கணவன், மனைவி என்று இரண்டு பேர் இருப்பார்கள் என்ற நினைப்பில் நடப்பது. நம்ம வீட்டில் எத்தனை பேர்?

என் சித்தி மகள் ஒருத்தி ஸ்டாஃப் நர்ஸ். சம்பளம் வருகிற ஏடிஎம் கார்டு மாமியாரின் பீரோவில், இரண்டாவது தட்டில், பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கிக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறாள். பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று கேட்டால் அத்தான் பதில் சொல்லுமுன் அவர் அம்மா முகத்தைப் பார்க்கிறார். ஒருநாள் ஆராதனை முடிந்து சபைப் போதகரான ஐயரிடம் போய்ச் சொன்னாள். "அடங்கிப் போம்மா, ஜெபம் பண்ணு" என்றார். இவள் சும்மா இருக்காமல், "புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு இருக்கு, சரி. அத்தைக்குக் கீழ்ப்படியணும்னு எங்க ஐயா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஐயர் சிரித்துக்கொண்டே, பைபிளில் மாமியார் நகோமியை விட்டுப் பிரியாமல் கூடவே போன மருமகள் ரூத்தை இழுத்தார். எல்லாரும் ரூத்தைத்தான் இழுப்பார்கள். ஆனால் நகோமி அந்த மருமகளைத் தன்னோடு பிடித்துவைக்கவே இல்லை, உன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று திரும்பத் திரும்பச் சொன்னவள். ரூத் தானாக விரும்பித்தான் போனாள்.

எபேசியர் 5:31 என்ன சொல்கிறது? மனுஷன் தன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியுடன் இசைந்திருப்பான் என்று. விட்டுப்போகச் சொல்லியிருப்பது புருஷனைத்தான். ஆதியாகமத்திலிருந்து பவுல் எடுத்து, அதே பத்தியில், கீழ்ப்படிதலுக்கு ஒன்பது வசனம் தள்ளி வைத்திருக்கிறார். நம்ம ஊரிலோ நகை, சீர், பாத்திரத்தோடு தகப்பனையும் தாயையும் விட்டு வருகிறவள் பெண். 22-ம் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் 31 வரும்போது மட்டும் "அது ஆவிக்குரிய அர்த்தம்" என்கிறார்கள். பெற்றவர்களை நடுத்தெருவில் விடச் சொல்லவில்லை, கனம்பண்ணச் சொல்லி அடுத்த அதிகாரமே இருக்கிறது. பீரோ சாவியும் பிள்ளையின் ஸ்கூலும் புருஷன், மனைவி இரண்டு பேர் கையில் இருக்கட்டும் என்பதுதான் பேச்சு.

சபை மட்டுமா, சட்டமும் வெகுகாலம் இந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. 1869-ல் வந்த விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் இதை மாற்றினார்கள். 2013-ல் சி.எஸ்.ஐ.யில் புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆனார், ஒரு பேராயத்தையே பெண்ணின் கையில் கொடுக்க முடிந்தது. ஏடிஎம் கார்டைக் கொடுக்கத்தான் முடியவில்லை.

அப்புறம், அடி வாங்குகிற பெண்களிடம் மல்கியா 2:16-ஐச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களே, "தள்ளிவிடுதலை (விவாகரத்தை) வெறுக்கிறேன்" என்று, அவர்கள் வசனத்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள். மீதிப் பாதி கொடுமையால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைக் கண்டிக்கிறது. ஐயர் அதை வாசிக்காவிட்டால் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதே வீட்டில் தங்கும் உரிமை மனைவிக்கு உண்டு, வீடு மாமனார் பேரில் இருந்தாலும் கேட்கலாம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181.